டிப்போவில் எழுதிய கல்யாணம்

பாகூருக்கு டென்ட் கொட்டகை வந்த வருஷம் எனக்குப் பன்னிரண்டு வயசு. அறுவடை முடிந்து தரிசாகக் கிடந்த ஒரு காணியில் கம்பம் நட்டு, கித்தானை இழுத்துக் கட்டியிருந்தார்கள். உள்ளே ஆற்று மணல். நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு ஓலைத் தட்டி. இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். நானும் அம்மாவும் இந்தப் பக்கம். அப்பா அந்தப் பக்கம்.

படத்தின் பெயர் மறந்துவிட்டது. தமுக்கு அடித்துக்கொண்டு வந்தவன் "கப்பலேறிப் போன பெண்ணின் கண்ணீர்க் கதை" என்று கூவியது மட்டும் நினைவிருக்கிறது. அதைக் கேட்டுத்தான் அப்பா, "போய்ப் பாக்கலாமா?" என்றார். அப்படியெல்லாம் கேட்கிற ஆள் இல்லை அவர். கரும்பு வெட்டு, வெல்லம் காய்ச்சுகிற ஆலை, ஏரிக்கரை வேலை என்று கூலிக்குப் போவார், வந்தால் சாப்பிடுவார், என் தலையை ஒரு தரம் தடவிவிட்டுப் படுத்துக்கொள்வார். அம்மாதான் பேசுகிறவள். நடவுக்குப் போனால் வரப்பில் நிற்கும் மேஸ்திரிக்கே பதில் சொல்லுவாள்.

ஊரில் எங்களுக்குக் 'கப்பக்காரங்க' என்று பெயர். மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டத்திலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது எனக்கு மூன்று வயசாம். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்துக்காரர்கள் ஆட்களைக் கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பிய சமயம். எனக்கு அந்த ஊர் ஒன்றும் ஞாபகமில்லை. எங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர் என்று யாரும் வந்ததில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு மாமா வருவார், பெரியம்மா வருவாள். ஒருநாள் அம்மாவைக் கேட்டேன். "கடலைத் தாண்டிப் போய் வந்தவங்களுக்கு அதெல்லாம் கெடையாது" என்றாள். அது ஏதோ சட்டம் போலும் என்று நம்பிவிட்டேன்.

படத்தில் ஒரு அழகான பெண் வந்தாள். பெரிய மீசைக்காரன் ஒருவன் அவளை ஏமாற்றித் துறைமுகத்துக்கு அழைத்துப் போனான். அங்கே ஒரு கொட்டடி. மேஜைக்குப் பின்னால் தொப்பி வைத்த துரை, பக்கத்தில் ஒரு குமாஸ்தா. தனியாக வந்த பெண்ணைக் கப்பலில் ஏற்ற மாட்டோம் என்று குமாஸ்தா சொன்னதும், மீசைக்காரன் முன்பின் தெரியாத ஒருவனை இழுத்து அவள் பக்கத்தில் நிறுத்தி, "இவன்தான் இவள் புருஷன்" என்றான். அந்தப் பெண் துரை காலில் விழுந்து பாட ஆரம்பித்தாள்.

அம்மா சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தும் அடங்காமல் வெளியே வந்துவிட்ட சிரிப்பு. அழுதுகொண்டிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதே நேரம் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கனைப்பு கேட்டது. அப்பாவின் கனைப்பு எனக்குத் தெரியாதா? அதைக் கேட்டதும் அம்மாவின் சிரிப்பு நின்றது. என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். படம் முடிந்து, மீசைக்காரன் கடலில் விழுந்து, கதாநாயகன் வந்து அந்தப் பெண்ணைக் காப்பாற்றும்வரை அந்தப் பிடி தளரவில்லை.

மறுநாள் காலை துணி துவைக்க ஏரிக்குப் போனோம். "ஏம்மா சிரிச்ச?" என்று கேட்டேன்.

"பாட்டு பாடறாளே, அதுக்குத்தான். அந்த எடத்துல எவளாலடி பாட முடியும்? தொண்ட ஒட்டிப்போயி, எச்சி முழுங்கவே முடியாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா கையிலிருந்த துணியைக் கல்லின் மேல் வைத்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எனக்குப் புரியுமா என்று அளந்து பார்த்தாள் போலிருக்கிறது. பிறகு உட்கார்ந்து சொன்னாள். வெயில் ஏறும்வரை சொன்னாள். துணி பாதி துவைத்தபடியே காய்ந்தது.

அவளுடைய ஊர் சுத்துக்கேணி. கொஞ்சம் நெல் நிலமும் ஒரு ஜோடி மாடும் இருந்த குடும்பம். அவளுக்குப் பதினாறு வயசானபோது, அவளைப் பெற்றவர்கள், பன்னிரண்டு வயசுத் தம்பி எல்லாரும் வண்டி கட்டிக்கொண்டு வில்லியனூர்த் தேருக்கு வந்தார்கள். தேர் முனை திரும்புகிற இடத்தில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. தம்பியின் கை நழுவிப் போனது. தேடிக்கொண்டு நின்றவளிடம் ஒரு பெண் வந்தாள். வெற்றிலை போட்ட வாய், நல்ல புடவை, பார்த்தால் சொந்தக்காரி மாதிரி இருந்தாளாம்.

"சுத்துக்கேணிப் பொண்ணுதானே நீ? ஒங்கம்மா வெயில்ல மயங்கி வுழுந்துட்டாங்கடி. ரயில்ல வச்சி விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிருக்காங்க. ஒங்கப்பாதான் என்னை அனுப்பிச்சாரு. வா வா, அடுத்த ரயில் வந்துடும்."

"புதுச்சேரி ஆஸ்பத்திரி கிட்டக்கவே இருக்குதே, ஏன் விழுப்புரம்னு கேக்கத் தோணல எனக்கு" என்றாள் அம்மா. "அம்மா மயங்கி வுழுந்துட்டாங்கன்னு கேட்டதும் புத்தி நின்னுபோச்சி. ஓடினேன் அவ பின்னால."

விழுப்புரத்தில் இறங்கியதும், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று சொல்லி வேறு ரயிலில் ஏற்றினாள். அந்தப் பெட்டியில் இன்னும் பத்துப் பேர் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்தார்கள். அப்போதே அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. நாகப்பட்டினத்தில், மலாய் நாட்டுக்கு ஆள் ஏற்றுகிற கூலி டிப்போ வாசலில் அந்தப் பெண் அம்மாவை ஒரு கங்காணியிடம் ஒப்படைத்தாள். பிறகு முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உள்ளே தகரக் கொட்டகைகள். போட்டிருந்த துணியை வாங்கி ஆவியில் வேகவைத்துக் கொடுத்தார்கள். கையில் அம்மை குத்தினார்கள். வெளியே போக விடவில்லை. மூன்றாம் நாள் கங்காணி வந்து, "தனிப் பொம்பளைன்னா தொரை ஆயிரம் கேள்வி கேப்பான். இதோ நிக்கிறானே, இவன்தான் ஒன் புருஷன். ஊர் கேட்டா விழுப்புரம்னு சொல்லு. பிரெஞ்சுக்காரன் ஊருன்னு வாயத் தொறந்தே, நேரா ஜெயில்தான்" என்று மிரட்டினான்.

"அப்படிச் சொல்லியிருந்தா ஜெயிலும் இல்ல, ஒண்ணும் இல்ல. பிரெஞ்சுக்காரன் ஜனம்னு தெரிஞ்சா கப்பல்ல ஏத்தாம திருப்பி அனுப்பிடுவாங்களாம். அங்க போயி ஒரு வருஷம் கழிச்சிதான் ஒருத்தர் சொன்னாரு. வில்லியனூர்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்லாம விழுப்புரம்னு சொன்னேன், அவன் சொல்லச் சொன்னபடியே."

கங்காணி காட்டிய ஆள் என் அப்பா. அப்போது அவருக்கு இருபது வயசிருக்கும். ஏம்பலம் பக்கத்துச் சேரியில் பிறந்தவர். நாகப்பட்டினம் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற வேலை என்று சொல்லி அவரை அழைத்து வந்திருந்தார்கள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு, "பயப்படாதம்மா. பேருக்குத்தான்" என்றாராம்.

குமாஸ்தா குனிந்த தலை நிமிரவில்லை. பேர், ஊர், இவள் யார் என்று கேட்டான். எல்லாவற்றுக்கும் கங்காணியே பதில் சொன்னான். குமாஸ்தா எழுதினான். இரண்டு பேர் கட்டைவிரலையும் பிடித்து உருட்டினார்கள்.

"அதுதான்டி எங்க கல்யாணம்" என்றாள் அம்மா.

தோட்டத்தில், கூலியாட்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே அறை கொடுத்தார்கள். காகிதத்தில் புருஷன் பெண்டாட்டி ஆயிற்றே. அப்பா ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்த் தாழ்வாரத்தில் விரித்துக்கொண்டார். அம்மா ரப்பர்ப் பால் வெட்டுகிற கத்தியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உள்ளே படுத்தாள். விடிவதற்கு முன்னால் தப்பு அடிப்பார்கள். வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும். தோட்டத்தைத் தாண்டிக் கடைக்குப் போவதற்கும் சீட்டு வேண்டும். ஓடிப் பார்த்தவர்கள் இரண்டு மூன்று பேர். பிடித்து வந்து எல்லாரும் பார்க்கும்படி மரத்தில் கட்டினார்கள். "ஓடி எங்க போவ? ஒன் பேரு எங்கிட்ட இருக்குது" என்பானாம் கங்காணி. எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து அம்மா ஊருக்கு இரண்டு கடிதம் எழுதினாள். தபாலில் போடுகிறேன் என்று கங்காணியே வாங்கிக்கொண்டான். தபாலில் போட்டானோ அடுப்பில் போட்டானோ, பதில் வரவில்லை.

இப்படி எட்டு மாசம். நடுவில் அம்மாவுக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. அப்பா கஞ்சி வைத்து, வாசற்படிக்கு உள்ளே கையை மட்டும் நீட்டி வைத்துவிட்டுத் திரும்பிப்போய்ச் சாக்கில் உட்கார்ந்துகொள்வார். அவள் குடித்த சத்தம் கேட்ட பிறகுதான் வேலைக்குக் கிளம்புவார். காய்ச்சல் விட்டு எழுந்த பிறகு ஒருநாள் மத்தியானம் பெருமழை. அந்த ஊர் மழைக்குத் தாழ்வாரம் எந்த மூலைக்கு? அப்பா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு குந்தியிருந்தார். அம்மா உள்ளேயிருந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"யோவ், உள்ள வா" என்றாள்.

இதைச் சொல்லும்போது அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வரவில்லை. ஏரித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அப்புறம் ஏம்மா நாம சுத்துக்கேணிக்குப் போகல?"

"இன்னா சொல்லிக்கினு போவேன்? கையில நீ. பக்கத்துல ஒங்கப்பா. இவர் யாருன்னு கேப்பாங்க. எந்தக் கோயில்ல கல்யாணம், யார் சாட்சின்னு கேப்பாங்க. அதுவும் இல்லாம…" காய்ந்த துணியை ஒதுக்கி வைத்தாள். "அந்த வூட்டு வாசலுக்கு எவ்ளோ தூரத்துல ஒங்கப்பாவை நிக்க வைப்பாங்கன்னு எனக்குத் தெரியும்டி. எட்டு மாசம் மழையில நின்ன மனுஷன். மறுபடியும் வெளிய நிக்க வைக்க எனக்கு மனசு வரல."

அப்பாவின் ஊரிலும் இருக்க முடியவில்லை. அவருடைய அண்ணன்மார்களே, "பெரிய எடத்துப் பொண்ண இட்டாந்திருக்கான், தெருவையே கொளுத்திடுவாங்க" என்று பயந்து கெஞ்சி அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் இரண்டு பேருக்கும் யாரும் இல்லாத பாகூர்.

அம்மா என்னிடம் சொல்லிவிட்டாள் என்று அப்பாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.  அன்று சாயங்காலம் மறுபடியும் கொட்டகைக்குப் போனார். அதற்கு அடுத்த நாளும் போனார். அதே படம்தான். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தவர், சோற்றைத் தொடாமல் பேசினார்.

"அந்த ஒரு எடத்தப் பாக்கத்தான் போனேன். படத்துல அந்தக் குமாஸ்தா தலையத் தூக்கிப் பாத்துட்டுதான் எழுதறான். நம்மள எழுதுனவன் பாக்கவே இல்லமே."

"இப்ப அதுக்கு இன்னா?" என்றாள் அம்மா.

"அவன் எழுதுனது எனக்கு வேணாம். நாம போயி நாமளே எழுதிக்கலாம். மேரிக்குப் போவோம்."

மேரி என்றால் கொம்யூன் அலுவலகம், எங்கள் வட்டாரத்து நகரசபை மாதிரி. எங்கள் பக்கத்தில் பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாவற்றையும் அங்கேதான் பிரெஞ்சில் எழுதுவார்கள். இரண்டு பேரும் போய் நின்று, சாட்சி வைத்து, அதிகாரி முன்னால் சம்மதம் சொன்னால் அதுவே கல்யாணம். கிறிஸ்தவர்களும் பட்டணத்துக் கால்சட்டைக்காரர்களும் அப்படிச் செய்வார்கள். எங்களைப் போன்றவர்கள் அதிகம் போவதில்லை.

"பதினாலு வருஷம் ஆச்சி. பொண்ணு வயசுக்கு வரப்போறா. இப்ப போயி நின்னா ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

அம்மா குழம்பைக் கரண்டியால் சும்மா கிளறிக்கொண்டிருந்தாள். "நாமளே எழுதறதுன்னா, என்னைக் கேட்டுத்தானே எழுதணும்?"

அப்பா நிமிர்ந்தார். "கேக்கறேன்மே. நீ…"

"இங்க கேக்காத. அங்க வந்து, எல்லாரும் பாக்கக் கேளு."

மேரியில் இருந்த எழுத்தர் நல்ல மனுஷன். விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டார். இரண்டு பேருடைய பிறப்புச் சீட்டும், கையெழுத்துப் போட சாட்சிகளும் வேண்டும் என்றார். அப்பா தன்னுடையதைத் தானே நெட்டப்பாக்கம் போய் வாங்கி வந்துவிட்டார். அம்மாவுடையதற்கு மண்ணாடிப்பட்டு போக வேண்டும். அவளைப் பெற்றவர்கள் பெயரெல்லாம் சரியாகச் சொல்ல வேண்டும். யாரையாவது அனுப்பலாம் என்றார் அப்பா.

"நானே போறேன்" என்றாள் அம்மா. "சீட்டுக்குப் போறவ வூட்டுக்கும் போயிட்டு வரேன்."

மூன்று பேரும் கிளம்பினோம். விடியற்காலம் நடந்து, ஆற்றைக் கடந்து, வில்லியனூர் வரும்போது வெயில் சுள்ளென்று அடித்தது. தேர் கூரைக்குள் நின்றுகொண்டிருந்தது. அதைத் தாண்டும்வரை அம்மா என் மணிக்கட்டை விடவில்லை. அங்கிருந்து ஊசுட்டேரிப் பக்கமாகப் போகும் ஒரு வைக்கோல் வண்டியில் இடம் கிடைத்தது. அம்மா வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

சுத்துக்கேணி ஊர் எல்லையில் ஒரு புளியமரம். "நான் இங்கியே இருக்கேன்" என்றார் அப்பா. அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டு வாசலில் ஒருவர் மாட்டுக்குக் கழனித் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயசு இருக்கும். அம்மாவைப் பார்த்து, "யாரும்மா? இன்னா வேணும்?" என்றார்.

"தேருக்குப் போனவ. இப்பதான் வரேன்" என்றாள் அம்மா.

அவர் கையிலிருந்த கயிறு விழுந்தது. மாடு அதன் பாட்டுக்கு நடந்துபோய் வைக்கோற்போரில் வாய் வைத்தது. யாரும் அதைப் பிடிக்கவில்லை.

அவர்தான் அம்மாவின் தம்பி, என் மாமா. எனக்கு ஒரு மாமா இருக்கிறார் என்பதே மூன்று நாலு வாரமாகத்தான் தெரியும். "அக்கா" என்று சொல்ல வாய் திறந்தார், காற்றுதான் வந்தது. அவருடைய மனைவி உள்ளிருந்து எட்டிப் பார்த்து, ஒன்றும் புரியாமல், சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அம்மா?" என்று கேட்டாள் அம்மா.

"இல்லக்கா. நீ போன நாலாம் வருஷம். அப்பா அதுக்கு அடுத்த வருஷம்."

அம்மா தண்ணீரைக் குடித்தாள். முழுச் சொம்பையும் குடித்தாள். பிறகு கேட்டாள்: "அன்னிக்கி அம்மா வெயில்ல மயங்கி வுழுந்தாங்களா?"

"யாரு சொன்னா? அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. பொழுது சாயற வரைக்கும் தேரடியிலியே நின்னு உன் பேரச் சொல்லிக் கூப்டுனு இருந்தாங்க. அப்பாதான் கையப் புடிச்சி இழுத்தாந்து வண்டியில ஏத்துனாரு."

அம்மா அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனாலும் ஒருவேளை நிஜமாகவே விழுந்திருந்தால், ஒருவேளை தன்னைத் தேடிக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்திருந்தால் என்று பதினாலு வருஷமும் ஒரு மூலையில் அரித்துக்கொண்டே இருந்ததாம். பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

மாமா அவள் எதிரில் குந்தினார். "நான்தான்கா கைய வுட்டேன். ஊதுகொழல் விக்கிறவனப் பாத்துட்டு ஓடுனேன்."

"நீ எங்கடா வுட்ட? நான்தானே புடிச்சினு இருந்தேன். நான்தான் வுட்டேன்."

"இல்லக்கா, நான்தான்."

"போடா, உனக்கு இன்னா தெரியும், சின்னப் புள்ள."

இப்படியே இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே அழுதார்கள். நான் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மாமா என்னைக் கிட்டே இழுத்து உட்காரவைத்து, "ஒங்கப்பா எங்க?" என்றார்.

"புளிய மரத்தாண்ட இருக்காரு" என்று அம்மா முந்திக்கொண்டாள். அப்பாவின் ஊரையும் தெருவையும் சொன்னாள். மறைக்கவில்லை. மாமாவின் மனைவி சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் அப்புறம் வெளியே வரவில்லை. மாமா வெகுநேரம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு புளியமரத்துப் பக்கம் நடந்தார். அம்மா என்னிடம், "கூடப் போ" என்றாள்.

அப்பா அவரைப் பார்த்ததும் எழுந்து நின்று துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் அவர் யாருக்கும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"எங்கக்காவ அங்க அடிச்சாங்களா?" என்று கேட்டார் மாமா.

"அடிச்சாங்க. என்னையும் அடிச்சாங்க."

"நீ?"

"நான் அடிக்கல."

மாமா தலையை ஆட்டினார்.  புளியமரத்தடியில் மூன்று பேரும் கொஞ்சம் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தோம். உதிர்ந்து கிடந்த ஒரு புளியம்பழத்தை எடுத்து ஓட்டை உடைத்து மாமா என்னிடம் கொடுத்தார். புளிப்பில் என் முகம் போன போக்கைப் பார்த்து இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். அப்புறம் இரண்டு பேருமே வெட்கப்பட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

மண்ணாடிப்பட்டில் அம்மாவின் பிறப்புச் சீட்டை மாமாவே வாங்கிக்கொண்டு, மேரியில் சொன்ன நாளுக்குப் பாகூர் வந்து சேர்ந்தார். வீட்டில் சொல்லாமல் வந்திருந்தார் என்று அவர் சட்டையைப் பார்த்தே அம்மா கண்டுபிடித்துவிட்டாள். வயலுக்குப் போகிற சட்டை. அம்மா தரப்புச் சாட்சி அவர். அப்பாவுக்குச் சாட்சி, ஆலையில் கூட வேலை செய்த ஒரு பெரியவர்.

அதிகாரி கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டில் வந்து உட்கார்ந்தார். எழுத்தர் பிரெஞ்சில் ஏதோ படித்தார், பிறகு தமிழில் சொன்னார். அப்பாவைக் கேட்டார்கள். "சம்மதங்க" என்று அப்பா கேள்வி முடிவதற்குள் சொன்னார்.

"நீ என்னம்மா சொல்றே? இவரைக் கணவராக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?"

 எழுத்தர் மறுபடி கேட்டார்.

"கொஞ்சம் இருங்கய்யா. யோசிச்சிச் சொல்றேன்" என்றாள் அம்மா.

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். அதிகாரி என்னைக் காட்டி, "இவ்ளோ பெரிய பொண்ணு பக்கத்துல நிக்குது, இனிமே யோசிக்க இன்னாம்மா இருக்குது?" என்றார்.

"மொத தடவ யோசிக்க வுடலீங்க. அதனாலதான்."

 அப்பாவின் நெற்றியில் வியர்வை வழிந்தது. துடைக்கவில்லை. அம்மா திரும்பி அவரைப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை, சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தாள். அவர் காதோரத்து நரையை, கரும்புச் சோகை கீறிய முன்கையை, அன்றைக்கென்று துவைத்துக் கட்டியிருந்த வேட்டியைப் பார்த்தாள். எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ? சொன்னால் நான் யார் வீட்டில் இருப்பது?

அப்பாதான் பேசினார். அதிகாரியைப் பார்த்து அல்ல, அவளைப் பார்த்து. "ஒனக்கு வேணாம்னா வேணாம்மே. ஒன்னக் கேக்கத்தான் வந்தோம்."

அம்மாவின் உதடு கொஞ்சம் கோணியது. "வேணும்" என்றாள். அப்புறம் அதிகாரி பக்கம் திரும்பி, "சம்மதங்க. எழுதிக்கோங்க" என்றாள்.

எழுத்தர் எழுதினார். மாமா கையெழுத்துப் போட்டார். ஆலைப் பெரியவர் ரேகை வைத்தார். அதிகாரி எழுந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்ன செய்வது என்று தெரியாமல் அப்பா அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

வெளியே வந்ததும் ஆலைப் பெரியவர், "எனக்குக் கல்யாணச் சோறு உண்டா, இல்லியா?" என்றார். அப்பா, "நான் ஆக்கறேன்" என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தார்.

எங்கள் வீட்டு வாசலில் மாமா தயங்கினார். உள்ளே அப்பா உலை வைத்து, அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். அம்மா கூப்பிடவில்லை. அவன் இஷ்டம் என்பது போல வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அப்பாதான் புகையில் கண்ணைக் கசக்கியபடி வெளியே வந்து, "பச்சரிசி சோறும் கருவாட்டுக் குழம்பும்தான். சாப்புடுவியாப்பா?" என்று கேட்டார். அவர் கேட்ட விதத்தில், மாட்டேன் என்று சொன்னாலும் கோபப்பட மாட்டார் என்பது தெரிந்தது.

மாமா குனிந்து உள்ளே வந்தார். சோறு குழைந்து போயிருந்தது. குழம்பில் உப்பு அதிகம். இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார். "அத்தான், போதும் போதும்" என்று இலையை மறைத்தபோது அந்த வார்த்தையைக் கேட்டு அப்பாவின் கை கரண்டியோடு அப்படியே நின்றது. அம்மா கவனிக்காதது மாதிரி என்னிடம், "மாமாவுக்குத் தண்ணி வையிடி" என்றாள்.